கிரில் வாங்குமுன் பெல்லட் மூட்டையை விசாரியுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஓட்டல்களுக்கும் ஹாஸ்டல்களுக்கும் அடுப்பு, புகைக்கூண்டு அமைத்துக் கொடுப்பது என் தொழில். வேலூரில் பட்டறை. விறகு, கரி, கேஸ், டீசல் பர்னர் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியாயிற்று. கொஞ்ச நாளாக என்னிடம் வருகிறவர்கள் புதிதாக ஒன்றைக் கேட்கிறார்கள். ஏலகிரியில் காட்டேஜ் நடத்துகிறவர், காட்பாடி பக்கம் கிரில் சிக்கன் கடை போட நினைக்கிற தம்பி, பண்ணை வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் கறி சுட்டுப் போட ஆசைப்படும் பெரியவர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "பெல்லட் கிரில் வாங்கலாமா? எந்த மாடல் நல்லது?"

மாடல் பெயர் நான் சொல்லப் போவதில்லை. எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். கடையில் பளபளப்பாகக் காட்டுவது ஒன்று, வாங்கியபின் உங்களைப் படுத்தப்போவது வேறொன்று.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாட்டுக்குப் போடும் குச்சித் தீவனம் பார்த்திருப்பீர்கள். மரத்தூளை அழுத்தி அதே மாதிரி, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் பருமனில் செய்வதுதான் பெல்லட். பசை எதுவும் தேவையில்லை, அழுத்தத்தில் வரும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்கிற பொருள் இளகி அதுவே பிடித்துக்கொள்ளும். கிரிலின் ஓரத்தில் ஒரு தொட்டி. அதில் பெல்லட்டைக் கொட்டினால், அடியிலுள்ள ஒரு நீளத் திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டுபோய், நடுவிலுள்ள சிறிய கிண்ணத்தில் போடும். ஒரு கம்பி சூடாகிப் பற்ற வைக்கும். ஒரு விசிறி காற்று ஊதும். ஒரு சின்ன கம்ப்யூட்டர் பலகை சூட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகைச் சுற்றும், நிறுத்தும். உள்ளே காற்று எப்படிச் சுழல்கிறது என்பதைப் படம் போடாமல் விளக்க முடியாது. அதை விட்டுவிடுவோம்.

1970களில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்க மரத்தூள் பெல்லட்டுக்கு மாறினார்கள். அதைச் சமையலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து ஜோ டிரேகர். 1986-இல் காப்புரிமை வாங்கினார். 2006-இல் அது காலாவதியானது. அதற்கப்புறம்தான் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இத்தனை மாடல்கள் கண்ணைக் கட்டுவதற்குக் காரணம் அதுதான்.

சரி, எதைப் பார்ப்பது? என் முதல் கேள்வி கிரிலைப் பற்றியே இல்லை. பெல்லட் எங்கே கிடைக்கும்? இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் வரும். விறகு தீர்ந்தால் விறகுத் தொட்டி இருக்கிறது. சமையலுக்கான பெல்லட் தீர்ந்தால் ராணிப்பேட்டையில் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

"நம்ம ஊரிலேயே பெல்லட் விற்கிறார்களே" என்பார்கள். விற்கிறார்கள், பாய்லருக்கு. நிலக்கடலைத் தோலில், உமியில், பெட்டி அறுத்த தூளில் செய்தது. அது கெட்ட சரக்கு இல்லை, அதன் வேலை வேறு. நல்ல மர பெல்லட் எரிந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சாம்பல் நிற்காது. உமி எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே நிற்கும். கிரிலில் இருக்கும் எரிகிண்ணம் ஒரு டீ டம்ளரைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதில் அவ்வளவு சாம்பல் விழுந்தால் காற்றுத்துளைகள் அடைத்து நெருப்பு மூச்சுமுட்டி அணைந்துவிடும். உமியிலுள்ள மணல்சத்து திருகையும் அராவிவிடும். அதைவிட முக்கியம், பிளைவுட் தூளும் பெயின்ட் அடித்த பலகைத் தூளும் அதில் கலந்திருந்தால், அந்தப் புகை நேரே கறியில் படியும். பாய்லருக்கு அதனால் ஒன்றுமில்லை. நம் வயிற்றுக்கு உண்டு.

நல்ல பெல்லட் மேலே வழவழவென்று இருக்கும், ஒடித்தால் 'பட்'டென்று முறியும், மூட்டையின் அடியில் தூள் அதிகம் இருக்காது. கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அடர்த்தியானது முங்கும், சிறிது நேரத்தில் உப்பிப் பழையபடி மரத்தூளாகிவிடும். மழைக்காலத்தில் தொட்டிக்குள்ளும் இதேதான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொட்டியில் விட்டுவைத்த பெல்லட் உப்பித் திருகுக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டால், கழற்றி எடுக்க ஒரு நாள் கூலி. ஆகவே தொட்டியை அடிவழியாகக் காலி செய்யக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் அது இருக்காது.

இரண்டாவது, கரன்ட். இங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டும்.

குடியாத்தம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு, அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு பெல்லட் கிரிலைக் கப்பலில் அனுப்பிவைத்தான். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நண்பர் விவரமானவர், எலக்ட்ரிக்கல் கடையில் சொல்லி வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டார். சொந்தபந்தமெல்லாம் கூப்பிட்டாயிற்று. மசாலா தடவிய கோழி அண்டா நிறைய ஊறுகிறது. மறுநாள் பிரியாணிக்கென்று ஆம்பூரிலிருந்து ஒரு பிரியாணி மாஸ்டரும் வந்திருந்தார். என்னையும் வேடிக்கை பார்க்க அழைத்திருந்தார்கள்.

கிரில் பற்றிக்கொண்டது. 230 டிகிரி வைத்தார் நண்பர். 150, 170, 190, அதோடு நின்றுவிட்டது. மாஸ்டர் கிரிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், மூடியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னா சார் இது, நெருப்பு எங்க கீது? அத காட்டு மொதல்ல" என்றார். ஐம்பது கிலோ அரிசி தேக்சாவைத் தணல் பார்த்தே தம் போடுகிறவருக்கு, கண்ணில் படாத நெருப்பு நம்பிக்கை தரவில்லை.

காரணம் என்ன? டிரான்ஸ்ஃபார்மர் வோல்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்காவில் கரன்ட் விநாடிக்கு 60 சுற்று, நமக்கு 50. அந்தக் கிரிலில் இருந்தது ஏசி மோட்டார், அது ஹெர்ட்ஸுக்குத் தக்கபடிதான் சுற்றும். ஆக திருகு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றியது, அந்த அளவுக்குத் தீனி குறைந்தது. விசிறியும் அதே கணக்கில் சோர்ந்தது. போதாக்குறைக்கு மோட்டார் வேறு சூடேறும். டிசி மோட்டார் போட்ட மாடலாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அதன் பவர் சப்ளை நம் கரன்டை ஏற்றுக்கொண்டால் போதும்.

கதை இன்னும் முடியவில்லை. இருட்டுகிற நேரத்தில் கரன்ட் போயிற்று. திருகு நின்றது, விசிறி நின்றது, கிண்ணத்தில் கிடந்த பெல்லட் மட்டும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. கரன்ட் வந்ததும் நண்பர் அவசரத்தில் மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டார். அது புதிதாகப் பற்றவைப்பதாக நினைத்து, ஏற்கெனவே நிறைந்த கிண்ணத்தில் மேலும் மேலும் கொட்டியது. மூடி இடுக்கிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை. "ஏம்ப்பா, தள்ளி நில்லுங்க" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, 'டொப்'பென்று ஒரு சத்தம், மூடி ஒரு சாண் எழும்பி விழுந்தது. தேங்கிய புகை ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதியில் அணைந்த கிரிலை மூடியைத் திறந்து, ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்த பிறகுதான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.

மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. பாதியாக வெட்டிய டிரம்மில் வேலிக்காத்தான் விறகைப் போட்டுத் தணலாக்கி, மேலே கம்பிவலை வைத்து, அத்தனை கோழியையும் சுட்டுக் கொடுத்துவிட்டார். பின்னால் கொஞ்சம் வேகமான கியர் மோட்டார் ஒன்றைத் தேடிப் போட்டதும் கிரில் ஒழுங்காக ஓடியது, அது வேறு விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கிரிலோடு வந்த பெல்லட் பையில் 'மெஸ்கீட்' என்று போட்டிருந்தது. டெக்சாஸ்காரர்கள் மாட்டிறைச்சி சுட விரும்பித் தேடும் மரம் அது. நம் வேலிக்காத்தானும் அதே புரோசோபிஸ் இனம், பங்காளி மரம்! பாலாற்றங்கரை முழுக்க மண்டிக்கிடக்கிறது என்று நாம் திட்டித் தீர்க்கிற மரத்தின் பங்காளியை, 9 கிலோ பையில் கடல் தாண்டி வரவழைக்கிறோம். அந்தப் பையும் முழுக்க அந்த மரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஓக், ஆல்டர் போன்ற மரத்தோடு கொஞ்சம் மெஸ்கீட் கலந்து, மெஸ்கீட் என்று எழுதியிருப்பார்கள். சிலர் மணத்துக்கு எண்ணெய் சேர்ப்பதும் உண்டு. பையின் பின்பக்கம் படியுங்கள். நம் பக்கத்தில் யாராவது பட்டையும் மண்ணும் போக்கிய சுத்தமான வேலிக்காத்தான் தூளில் சமையல் பெல்லட் போட்டால், முதல் வாடிக்கையாளர் நான்தான். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கு வானொலியிலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம், சூட்டைக் கட்டுப்படுத்தும் அந்தப் பலகை. பழைய மாதிரி என்றால் 15 விநாடி சுற்று, ஒரு நிமிடம் போல நில் என்று கடிகாரக் கணக்கில் ஓடும். காற்றடித்தாலும் வெயிலடித்தாலும் அதற்கு ஒன்றுதான். பிஐடி என்று சொல்லும் புதிய மாதிரி, சூடு எவ்வளவு குறைந்திருக்கிறது, எவ்வளவு நேரமாகக் குறைந்திருக்கிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்று மூன்றையும் பார்த்துத் தீனி போடும். வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் ஒன்று, சூடு அசையாமல் நின்றால் நெருப்பு சுத்தமாக எரியும், சுத்தமாக எரிந்தால் புகைமணம் குறையும். அதனால்தான் 'ஸ்மோக்' என்று தனியாக ஒரு பட்டன் வைத்து, வேண்டுமென்றே சூட்டை ஏறி இறங்க விடுகிறார்கள். விறகில் சுட்ட அளவுக்குப் புகைமணம் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மெல்லிய நீலப்புகைதான் நல்ல புகை. கெட்டியான வெள்ளைப் புகை கசக்கும்.

தந்தூரி, நான் ரொட்டி என்று கேட்கிற கடைக்காரத் தம்பிக்கு நான் நேராகவே சொல்லிவிட்டேன், இது உனக்கு வேண்டாம். தந்தூர் அடுப்பு 400 டிகிரியைத் தாண்டும். பெல்லட் கிரில் பெரும்பாலும் 230, 260-ஓடு நிற்கும். சில மாடல்களில் நெருப்புக்கும் கறிக்கும் நடுவிலுள்ள தகட்டை நகர்த்தினால் தீ நேராகக் கறியில் படும், அது கொஞ்சம் உதவும். ஏலகிரி காட்டேஜ்காரருக்கு மட்டும் வாங்கலாம் என்றேன். முழு ஆட்டுத்தொடையை 110 டிகிரியில் ஐந்தாறு மணிநேரம் விட்டுவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கலாம், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். அந்தச் சூட்டில் மணிக்கு அரைக்கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பெல்லட் போகும், சூட்டை ஏற்றினால் அதற்குமேல். தோலுரித்த கோழியை மட்டும் இப்படி நீண்ட நேரம் போடாதீர்கள், வறண்டு நார் நாராகிவிடும். கோழிக்கு உள்சூடு 74 டிகிரி வந்தால் வெந்தாயிற்று. அதைக் குத்திப் பார்க்க ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள், மூடியில் இருக்கும் முள்ளை நம்பாதீர்கள்.

இரட்டைச் சுவர் என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். பனி கொட்டுகிற ஊருக்கு அது அவசியம். வேலூர் வெயிலுக்கு எதற்கு? அந்தக் காசைத் துருப்பிடிக்காத எரிகிண்ணத்துக்குக் கொடுங்கள், முதலில் ஓட்டை விழுவது அதுதான். செல்போனில் சூடு பார்க்கும் வசதிக்கும் இதே பதில்தான். தோப்பில் சிக்னலே கிடைக்காது.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துத் தம்பி விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சுத்தம் செய்வது பற்றியும் மிச்சத்தையும் விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், வேகமாகச் சொல்கிறேன். சமையல் பரப்பு இத்தனை சதுர அங்குலம் என்றால் மேல்தட்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள், கீழ்த்தட்டை மட்டும் டேப் வைத்து அளங்கள். பற்றவைக்கும் கம்பி தேய்கிற பொருள், உபரி ஒன்று தரச் சொல்லி அப்போதே வாங்குங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான். பற்றும்போது 300 வாட் வரை இழுக்கும், அப்புறம் ஒரு பல்புக்கு ஆகிற அளவுதான். நிறுத்தும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள், ஷட்டவுன் கொடுத்து விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள், இல்லையென்றால் தீ திருகு வழியாகத் தொட்டிக்கு நடந்துவிடும். கொழுப்பு வடியும் தட்டை ஒவ்வொரு தடவையும் சுரண்டுங்கள். சாம்பலை நன்றாக ஆறிய பிறகு இரும்பு வாளியில் எடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.