கருவிச் சோதனைக்குக் கூப்பிடுகிறார்களா? ஒத்துக்கொள்வதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். சர்க்கரை நோய், ஆஸ்துமா, முடக்குவாதம் என்று வருஷக்கணக்கில் கூடவே இருக்கிற நோய் உங்களுக்கு இருந்தால், "புதுக் கருவியைப் பயன்படுத்திப் பாருங்கள், பணம் தருகிறோம்" என்று அழைப்பு வரலாம். போகலாமா? அது எந்த மாதிரி ஆய்வு என்று முதலில் கேளுங்கள்.

[திரையில்: மேசை மேல் ஊசிப் பேனா, பக்கத்தில் ஸ்பாஞ்சுத் திண்டு]

ஒன்று, பயன்பாட்டுச் சோதனை: கருவியைத் தவறில்லாமல் கையாள முடிகிறதா என்று பார்ப்பது. ஊசிப் பேனா என்றால் பெரும்பாலும் இந்த மாதிரித் திண்டில்தான் குத்தச் சொல்வார்கள், உங்கள் உடம்பில் இல்லை. இன்னொன்று மருத்துவ ஆய்வு. அதில் ரத்தச் சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை நிஜமாகவே தோலில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பலாம், ரத்தமும் எடுக்கலாம். இதற்கு, பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம் இதை மறக்காமல் கேளுங்கள்: "இந்த சென்சார் காட்டும் அளவைப் பார்த்து நான் இன்சுலின் போடலாமா, கூடாதா?"

சரி, பயன்பாட்டுச் சோதனைக்கு வருவோம். நிறைய பேர் இதைப் பரீட்சை மாதிரி நினைத்துப் பதறுகிறார்கள். விரல் மூட்டு வீங்கியிருக்கிற ஒருவர் பேனாவின் மூடியை இழுக்கிறார், வரவில்லை, பல்லால் கடித்து எடுக்கிறார், எதிரில் இருப்பவர் "எப்படி இருந்தது?" என்றதும் சங்கடப்பட்டு "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுகிறார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்! அந்த மூடி கழலாததைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் தந்த வழிகாட்டுதல், இறுதிக் கட்டச் சோதனையில் ஒவ்வொரு வகைப் பயனாளர்களிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது. அவ்வளவு சின்னக் கூட்டத்தில் நீங்கள் ஒருவர் மரியாதைக்காகப் பேசினாலும், நாளை அதே வீங்கிய விரலோடு வீட்டில் தனியாக ஊசி போடப்போகிறவர்தான் கஷ்டப்படுவார்.

ஆய்வுக்கு ஆள் எடுப்பதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். இல்லாத நோயைச் சொல்லி உள்ளே போனால் முடிவே கெட்டுப்போகும், மருத்துவ ஆய்வு என்றால் உங்கள் உடம்புக்கே ஆபத்து.

[திரையில்: ஒப்புதல் படிவம்]

கையெழுத்துக்கு முன் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். சோதனையை வீடியோ எடுத்தால் அதை யார் பார்ப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள், காயம் ஏற்பட்டால் செலவு யாருடையது? எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. பாதியில் விலகினால் எவ்வளவு பணம் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சேர்வதற்கு உங்களிடமே "பதிவுக் கட்டணம்" கேட்டால், அது மோசடி, பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.