தண்ணீரைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கூழன்சக்கை வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது இருக்கட்டும். நேற்று ராத்திரி அக்கா மகளின் டியூஷன் நோட்ஸில் ஒரு படம் பார்த்தேன், எனக்குத் தூக்கமே வரவில்லை.

செல் சவ்வின் பாஸ்போலிப்பிட் படம். பாஸ்போலிப்பிட் என்றால் அந்தச் சவ்வைக் கட்டுகிற கொழுப்பு மூலக்கூறு, அதற்குப் பாஸ்பேட் உள்ள தலையும் எண்ணெய் போன்ற வாலும் உண்டு. பாஸ்பேட் தலையைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள். எல்லாவற்றிலும் ஆக்ஸிஜன் பாஸ்பேட்டைப் பார்த்து நிற்கிறது! பாஸ்பேட் எதிர்மின் சுமை உள்ளது. தண்ணீரிலும் ஆக்ஸிஜன் பக்கம்தான் எதிர்மின் பக்கம். அது எப்படி ஒட்டும்? தண்ணீர் தன் ஹைட்ரஜனைத்தான் நீட்டும். அதற்குப் பெயர்தான் ஹைட்ரஜன் பிணைப்பு.

நம்ம புத்தளம் உப்பளத்துத் தண்ணீரில் சோடியம் அயனி இருக்கிறது இல்லையா, அது நேர்மின். அங்கே மட்டும் தண்ணீர் ஆக்ஸிஜனைக் காட்டும். அந்தப் படத்தை அப்படியே இங்கே ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகள் இதைப் படித்துப் பரீட்சை எழுத வேண்டுமே!

சரி, அந்தத் தலை தண்ணீரைப் பிடிப்பதைக் கையால் செய்து பார்ப்போம் என்று காலையில் வடசேரி சந்தைக்குப் போனேன். தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் 230 ரூபாய்! வீட்டைச் சுற்றித் தென்னை நிற்கிற ஊரில் 230 ரூபாய். நான் பேரம் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும், பத்து ரூபாய்கூடக் குறையவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் இதே நினைப்புதான். முட்டை மட்டும் ஏழு ரூபாய்க்குக் கிடைத்தது.

எண்ணெயும் தண்ணீரும் பாட்டிலில் குலுக்கினேன், கொஞ்ச நேரத்தில் பிரிந்தது. ஒரு மஞ்சள் கரு போட்டுக் குலுக்கினேன். வெள்ளையாகத் திரண்டு நிற்கிறது பாருங்கள். கொள்ளாம் இல்லையா! மஞ்சள் கருவில் லெசித்தின் இருக்கிறது, அது பாஸ்போலிப்பிட். வால் எண்ணெய்க்குள் போகும், தலை தண்ணீரைப் பிடிக்கும். கருவிலுள்ள புரதமும் உதவுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். லெசித்தின் என்பது கோப்லி என்ற பிரெஞ்சுக்காரர் 1850-ல் வைத்த பெயர். கிரேக்கத்தில் மஞ்சள் கரு என்று அர்த்தம்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். பாஸ்பேட்டில் நான்கு ஆக்ஸிஜன் உண்டு. இரண்டு, வால்களைத் தாங்குகிற கிளிசராலையும் தலையின் நுனியிலுள்ள கோலினையும் இணைக்கப் போய்விடும். மீதி இரண்டும் அந்த எதிர்மின் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும், தண்ணீர் பெரும்பாலும் அவற்றைத்தான் பிடிக்கும். பாஸ்பேட்டை ஒட்டி நாலைந்து மூலக்கூறு நிற்கும். அதே தலையிலுள்ள கோலினைப் பாருங்கள், நைட்ரஜனை மூன்று மெத்தில் தொகுதிகள் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை) மூடியிருக்கின்றன, அதனால் நேரான ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது. தண்ணீர் சும்மா சுற்றிக் கூடு கட்டியதுபோல் நிற்கும்.

இதை அகச்சிவப்பு ஒளியில் அளக்கவும் முடியும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த இடம். காய்ந்த பாஸ்போலிப்பிட்டில் அந்த இரண்டு ஆக்ஸிஜனின் அதிர்வு 1250-ஐ ஒட்டிய அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை என்ற கணக்கு) இருக்கும். ஈரம் ஏற ஏற 1230 பக்கம் இறங்கிவிடும். தண்ணீர் பிடித்து இழுப்பதுதான் அந்த இறக்கம்.

பாட்டில் குலுக்கி நாலு மணி நேரம் ஆகிறது, இன்னும் பிரியவில்லை. அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை அழித்து வரைகிறாள். மக்கா, அந்த ஹைட்ரஜனை இந்தப் பக்கம் திருப்பு.