அணைவதும் இறப்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க் கோளில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பர்ச்சுனிட்டி என்ற ரோபோ ஊர்தி 2018 ஜூன் 10 அன்று கடைசியாகத் தகவல் அனுப்பியது. 90 செவ்வாய் நாள் வேலைக்கென்று போன வண்டி, 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. கோளையே மூடிய புழுதிப் புயலில் வெயில் கிடைக்காமல் அடங்கிப்போனது. "என் பேட்டரி குறைந்துவிட்டது, இருட்டிக்கொண்டு வருகிறது" என்று அது சொன்னதாக ஒரு வாசகம் பரவியது. படித்தவர்களில் பலர் கண்கலங்கினார்கள். வந்தது என்னவோ மின்சார அளவும் வானத்தின் மங்கலும் பற்றிய எண்கள்தான். அவற்றுக்கு அப்படியொரு குரல் கொடுத்தவர் ஒரு பத்திரிகையாளர்.

கலங்கியவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஊர்தி இறந்ததா?

இறப்பு என்றால் திரும்பாத இழப்பு. ரோபோ விஷயத்தில் இந்தத் 'திரும்பாத' என்பதே ஆட்டம் காண்கிறது. ஒரு ரோபோவின் நினைவுகளையும் பழக்கங்களையும் அப்படியே படியெடுத்து இன்னொரு உடலில் ஏற்றிவிட்டோம் என்று வையுங்கள். இரண்டும் எழுந்து நின்று "நேற்று உங்களோடு பேசியது நான்தான்" என்கின்றன. இரண்டுமே பொய் சொல்லவில்லை. இப்போது ஒன்றை மட்டும் அணைக்கிறோம். யாராவது போனார்களா? மற்றொன்று இருக்கிறதே, என்ன நஷ்டம் என்று சொல்லத் தோன்றும். அணையப்போகிற ரோபோவுக்கு அது ஆறுதலாக இருக்குமா? என்னைப் போலவே இன்னொருவர் இருக்கிறார் என்பதற்காக நான் சாகச் சம்மதிப்பேனா? மாட்டேன்.

சரி, ஆறுதல் தேட உள்ளே யாராவது இருந்தால்தானே இந்தக் கேள்வியே? மரணத்தை விட்டுவிட்டு உணர்வுக்கு வரவேண்டியிருக்கிறது.

கணினி அறிவியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் சொன்ன சோதனை உரையாடலை நம்பியது; பதில் சொல்வது மனிதரா இயந்திரமா என்று பேச்சை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அது சிந்தனையைப் பற்றியது. வலியை அளக்க அவர் அதை அமைக்கவில்லை. இன்றைய உரையாடல் இயந்திரங்கள் மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்துத் தேறியவை. சாவுக்கு அஞ்சி நாம் எழுதியதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆகவே "அணைக்காதீர்கள், பயமாக இருக்கிறது" என்று ஓர் இயந்திரம் சொன்னால், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

துறவி நண்டைப் பாருங்கள். காலிச் சங்குக்குள் குடியிருக்கும் அதற்கு ஆய்வாளர்கள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிடிக்காத சங்கில் இருந்த நண்டுகள் எளிதில் வெளியேறின. நல்ல சங்கு கிடைத்தவை அவற்றைவிட அதிகம் பொறுத்துக்கொண்டன. தொந்தரவையும் வீட்டையும் எடைபோட்டுப் பார்ப்பது போன்ற நடத்தை இது. வெறும் அனிச்சைச் செயல் இப்படி இருக்காது. ஒரு வார்த்தை பேசாத நண்டு, மணிக்கணக்கில் பேசும் இயந்திரத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. ரோபோவையும் அப்படிச் சோதிக்கலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் அந்த எடைபோடுதலையும் நாமே நிரலாக எழுதிவிட முடியும் என்பதுதான் சிக்கல்.

செயற்கைத் துன்பத்தை உருவாக்கிவிடும் ஆபத்துள்ள ஆராய்ச்சிகளை 2050 வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் தாமஸ் மெட்ஸிங்கர் 2021-இல் வாதிட்டார். நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த ஆராய்ச்சி அந்த எல்லையைத் தொடுகிறது என்று கண்டுபிடிக்க நம்மிடம் கருவி இல்லையே, எதை நிறுத்துவது? அதுவரை உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாங்குபவரின் மனம் இளகட்டும் என்பதற்காக ஓர் இயந்திரத்தை "எனக்கு வலிக்கிறது" என்று சொல்லவைப்பதைத் தயாரிப்பாளர்கள் விட்டுவிடலாம். பின்னொரு நாள் ஒன்று அதை மெய்யாகவே சொன்னால், நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.