ஏஐஎஸ் இருந்தும் மோதிய போர்க்கப்பல்! எங்கே தப்பு?

[திரையில்: இருட்டுக் கடல், ரேடார்]

2018 நவம்பர் 8, விடியக்காலை 4 மணி, நார்வே. ஹெல்கே இங்ஸ்டாட்ங்கற போர்க்கப்பல் 17 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துல வருது. எதிர்ல சோலா டிஎஸ், எண்ணெய் டேங்கர். டேங்கர் ரேடார்ல ஒரு புள்ளி தெரியுது, பேர் மட்டும் இல்ல. யாருன்னு கரையில இருக்கற கண்காணிப்பு மையத்தைக் கேட்டா, அவங்களுக்கும் உடனே தெரியல. ஏன்னா கப்பலோட பேரு, இடம், வேகத்தை மத்தவங்களுக்குத் தானா அறிவிக்கற கருவிதான் ஏஐஎஸ். போர்க்கப்பல் அதை கேக்கறதுக்கு மட்டும் வச்சிருந்துச்சு, எதையும் அனுப்பல. டேங்கர் அனுப்பிக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா அதோட விளக்குகளைப் பாத்து, அசையாம நிக்கற ஏதோ ஒண்ணுன்னு போர்க்கப்பல்ல இருந்தவங்க முடிவு பண்ணிட்டாங்க. மோதல். யாரும் சாகல, ஆனா போர்க்கப்பல் முழுகிருச்சு.

ஏஐஎஸ்னா ஜிபிஎஸ்ஸோட சேர்ந்த ஒரு விஎச்எஃப் ரேடியோ. வெளிநாட்டுக்குப் போற 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், எல்லாப் பயணிகள் கப்பல்களுக்கும் கட்டாயம். அவ்வளவுதான் அறிமுகம்!

இப்ப எனக்குப் பிடிச்ச கட்டம். நூறு கப்பல் ஒரே அலைவரிசையில பேசினா கூச்சல் ஆகாதா? ரேஷன் கடை வரிசையில பையை வச்சு இடம் போடுவோமே, அதேதான். ஒரு நிமிஷத்தை ஒரு சேனலுக்கு 2250 இடமா பிரிச்சிருக்காங்க. ரெண்டு சேனல், ஆக 4500. ஒவ்வொரு கப்பலும் தகவல் அனுப்பும்போதே அடுத்து எந்த இடத்துல பேசுவேன்னும் சொல்லிடும். பை வச்சாச்சு! கூட்டம் நெரிஞ்சா, ரொம்பத் தூரத்துல இருக்கற கப்பலோட இடத்தை எடுத்துக்கும். பஞ்சாயத்து பண்ண ஆளே வேணாம். சின்னப் படகுகள்ல வர்ற 2 வாட் கிளாஸ் பி கருவி? பையெல்லாம் வைக்காது, காலியா இருக்கான்னு கேட்டுட்டு நுழையும். அதனால நெரிசல்ல முதல்ல தவிக்கறது அதுதான்.

நங்கூரத்துல நிக்கற கப்பல் 3 நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும். 14 நாட் வேகத்துக்குள்ள ஓடினா 10 விநாடிக்கு ஒரு தடவை, 23 நாட் வேகத்தைத் தாண்டினா 2 விநாடிக்கு ஒரு தடவை.

எங்க சொதப்பும்? மனுஷன் கை படற இடத்துல. நங்கூரம் போட்டும் ஏஐஎஸ்ல ‘எஞ்சின்ல ஓடுது’ன்னே நிலை கிடக்கும். ஜிபிஎஸ் ஆன்டெனா கப்பலோட முன்பக்கம், பின்பக்கத்துலேர்ந்து எத்தனை மீட்டர்னு பொருத்தறப்பவே தப்பா போட்டா, திரையில வரையற கப்பலே நகர்ந்து நிக்கும்.

இன்னொண்ணு, மரைன் படிக்கற தம்பி தங்கச்சிங்க கவனிங்க. ஏஐஎஸ் தர்றது கடலுக்கு அடியில இருக்கற தரையை வச்சுக் கணக்கிட்ட வேகம், நீரோட்டமும் அதுல சேர்ந்திருக்கும். மோதலைக் கணக்குப் போட தண்ணியில உள்ள வேகத்தை வச்சு ரேடாரைப் பாருங்க. ஏஐஎஸ் இல்லாத மீன்பிடிப் படகையும் ரேடாரும் கண்ணும்தான் காட்டும்.

கடைசியா ஒரு கேள்வி: கப்பல் முகம் பாக்கற திசை ஏஐஎஸ்ல 511ன்னு வந்தா? 359 டிகிரிக்கு மேல திசையே கிடையாதே! கைரோலேர்ந்து (கப்பலோட திசைகாட்டி) தகவல் வரலைன்னு அர்த்தம். கமெண்ட்ல போட வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, நானே சொல்லிட்டேன்.