மனையியல் படிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு
(மனையியல் துறை முதலாண்டு மாணவிகளிடம் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இந்தத் துறையில் சேர்ந்ததும் "சமையல் கத்துக்கவா காலேஜுக்குப் போறே?" என்று கேட்டவர்கள் உங்கள் சொந்தக்காரர்களில் கட்டாயம் இருப்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். குடும்ப வள மேலாண்மை, நுகர்வோர் பொருளாதாரம் என்று வரும் பாடங்களைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசுகிறேன். பலர் மனப்பாடம் செய்து எழுதி, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பாடங்கள் இவைதான்.

மார்கரெட் ரீட் என்று ஒருவர். கனடாவில் பிறந்தவர், 1931-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வீட்டில் நடப்பதில் எது வேலை, எது வேலையில்லை என்று எப்படிப் பிரிப்பது? 1934-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதற்கு அவர் ஒரு சோதனை சொன்னார்: அந்தக் காரியத்தைக் கூலி கொடுத்து வேறொருவரைச் செய்யவைக்க முடியுமா? முடிந்தால் அது உற்பத்தி. பாத்திரம் கழுவ ஆள் வைக்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர ஆள் வைக்கலாம், ஆனால் "எனக்குப் பதிலா நீ கொஞ்சம் தூங்கு" என்று யாருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. அவ்வளவுதான் சோதனை. ஆனாலும் நாட்டு வருமானக் கணக்கில், நீங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டால் சமைத்தவரின் உழைப்பும் சேரும், அம்மா சமைத்தால் அரிசி பருப்பின் விலை மட்டும்தான் சேரும்.

அந்த உழைப்பு எவ்வளவு? 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்களுக்கு 97. சரி, இதை எப்படி ரூபாயாக்குவது? அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி என்று பார்ப்பது ஒரு வழி. அந்த நேரத்தில் வெளியே போயிருந்தால் அவர் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போனால் டாக்டர் சுட்ட தோசை, கூலி வேலைக்குப் போகும் பெண் சுட்ட தோசையைவிடப் பல மடங்கு விலை! எனக்கு இது அபத்தமாகத்தான் படுகிறது, ஆனால் முதல் வழியிலும் ஓட்டை உண்டு: சமையலுக்கு ஆள், பிள்ளைக்கு ஆள் என்று தனித்தனியாகக் கூலி போடலாம், அடுப்பில் ஒரு கண்ணும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் ஒரு கண்ணுமாக ஒரே மணி நேரத்தில் இரண்டும் நடக்கும்போது எதைக் கணக்கில் எடுப்பீர்கள்?

இதெல்லாம் வகுப்பறை வாதம் என்று நினைக்காதீர்கள். 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், இறந்துபோன இல்லத்தரசிகளின் வீட்டுப் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் மதிப்புப் போட்டது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து என்றாலும், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கு அதில் சமபங்கு உண்டு என்றது. இப்படிப்பட்ட வழக்குகளில் மதிப்பைக் கணக்கிட்டுச் சொல்ல ஆள் வேண்டாமா? நீங்கள்தான்.

அப்புறம் நுகர்வோர் பக்கம். அதில் ஐஎஸ்ஐ, அக்மார்க் முத்திரைப் படங்களை ஒட்டி ஆல்பம் தயாரிப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன், மூன்று வருடம், "பிளாட் ரேட்" 10 சதவீதம் என்கிறார்கள். வட்டி 30,000, மாதத் தவணை சுமார் 3,611. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டிக்கொண்டு வருகிறீர்கள், கடைசி மாதத்திலும் முழு லட்சத்துக்கு வட்டி கொடுப்பது என்ன நியாயம்? குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய 18 சதவீதம். எக்செல்லில் 'ரேட்' என்ற ஒரே பார்முலா போதும், இன்றைக்கே ராத்திரி போட்டுப் பாருங்கள்.

அது வந்துவிட்டால் ஏலச்சீட்டுக்குப் போங்கள், அதுதான் கொஞ்சம் கஷ்டம். இரண்டாம் மாதமே ஏலத்தில் தள்ளுபடி கொடுத்துச் சீட்டுப் பணத்தை எடுத்தவர் உண்மையில் கடன் வாங்கியவர், கடைசிவரை காத்திருந்தவர் சேமித்தவர். இருவருக்கும் வட்டி வீதம் வேறு வேறு, எவ்வளவு என்பது சீட்டு முடிகிறவரை யாருக்கும் தெரியாது. வீட்டில் யாராவது சீட்டு கட்டினால் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி வாருங்கள், பெயரை மறைத்துவிட்டு வகுப்பில் கணக்குப் போடலாம்.