ஆகஸ்ட்டுக்கும் ஜூனுக்கும் நடுவே

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் கோடை விடுமுறை விட்டதும் பிள்ளைகளை ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ நடக்கும் முகாமுக்கு அனுப்புவது பழைய வழக்கம். 1861-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை நடத்தியே கடற்கரைக்கு அழைத்துப்போய், இரண்டு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார். அதைத்தான் பலரும் முதல் முகாம் என்கிறார்கள். இந்த முகாம்களில் பிள்ளைகளோடு ஒரே கேபினில் படுத்து, எழுப்பி, சாப்பிட வைத்து, நீச்சலுக்கு அனுப்பி, அழுதால் சமாதானம் செய்கிற இளைஞரைக் கேம்ப் கவுன்சிலர் என்பார்கள். நான் அந்த வேலைக்கு வருடாவருடம் திரும்பிப் போகிற ரகம்.

வேலை ஜூனில் தொடங்கி ஆகஸ்ட்டில் முடிந்துவிடும். "சரி, மீதி மாதமெல்லாம் என்னப்பா செய்வே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். குரலில் கொஞ்சம் கவலையும் இருக்கும். ஊர் சுற்றுவேன், சுற்றுகிற இடத்தில் தொண்டு வேலை செய்வேன். இதைச் சொன்னால் கவலை இன்னும் கூடிவிடும்.

முகாமில் நாள் முழுக்க நான்தான் சொல்வேன், பிள்ளைகள் கேட்பார்கள். எந்தப் பாட்டு, எந்த விளையாட்டு, எப்போது விளக்கணைப்பது, எல்லாம் என் வாயிலிருந்துதான் வரவேண்டும். இரண்டு மாதம் அப்படி இருந்தால் நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடும். அதனால் முகாம் முடிந்ததும் எனக்கு ஒன்றுமே தெரியாத இடமாகத் தேடிப் போவேன். அங்கே வேறொருவர் சொல்லவேண்டும், நான் கேட்கவேண்டும்.

செப்டம்பரில் மலைப்பாதை வேலை. அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நடைபாதை உண்டு. பதினான்கு மாநிலங்கள் வழியாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் போகிறது. பென்டன் மெக்காய் என்பவர் 1921-ல் யோசனை சொன்னார், 1937-ல் முழுப் பாதையும் இணைந்தது. இன்றுவரை அதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மழைத்தண்ணீர் பாதையை அரிக்காமல் இருக்க, குறுக்கே சாய்வாகக் கல்லைப் பதித்துத் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிட வேண்டும். கல் லேசாக ஆடினாலும் போச்சு, பிடுங்கி மறுபடி வைக்கச் சொல்வார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி எனக்குக் கடப்பாரை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

குளிர்காலத்தில் பண்ணை வேலை. வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் என்ற ஏற்பாடு. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பர்ட் 1971-ல் வார இறுதிகளில் பண்ணை வேலைக்குப் போவதற்காகத் தொடங்கிய ஊஃப் என்ற அமைப்பு இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. களை பிடுங்குவது, சாணி அள்ளுவது, வேலி கட்டுவது. இதில் விவரிக்க அதிகமில்லை, முதுகு வலிக்கும்.

ஆனால் ஆமையைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் சொல்வேன். வானொலி நிலைய நண்பர்கள் மன்னிக்கவேண்டும்.

கோஸ்டா ரிகாவின் கரீபியன் கரையில் டோர்ட்டுகேரோ என்ற ஊர். சாலை கிடையாது, படகில் போகவேண்டும், இல்லாவிட்டால் சின்ன விமானத்தில். மணல் கறுப்பு. ஆர்ச்சி கார் என்ற உயிரியல் அறிஞர் 1950-களில் அங்கே கடலாமை ஆராய்ச்சியைத் தொடங்கினார். மார்ச்சிலிருந்து ஜூன்வரை அங்கே ஏழுவரி ஆமை முட்டையிடக் கரையேறும், முதுகில் கடினமான ஓடு இல்லாமல் தோல் போர்த்தியிருக்குமே, அந்தப் பெரிய ஆமை. முகாம் தொடங்குவதற்கு முன்னால் எனக்கு அது சரியாகப் பொருந்திவிடுகிறது.

என் வேலை இரவு ரோந்து, கரையேறும் ஆமையைத் தேடி நடப்பது. கறுப்புச் சட்டை, சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் அவசியம் என்றால்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். எங்களை அழைத்துப்போனவர் அந்த ஊர்ப் பெரியவர். நான் போன வேகத்தில் முகாம் பழக்கத்தில் கதை பேச ஆரம்பித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பேசாமல் நட" என்றார். அவ்வளவுதான். மணிக்கணக்காக நடந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசியே பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் இருட்டில் மணல் தெறிக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் கையைக் காட்டி எங்களை உட்கார வைத்தார். பின்துடுப்பால் குழி தோண்டுகிறது அந்த ஆமை. கண்ணால் பார்க்காமலே, ஒரு துடுப்பு மாற்றி ஒரு துடுப்பாக, உள்ளங்கையைக் குவித்ததுபோல் மணலை அள்ளி வெளியே வைக்கிறது. முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் பக்கத்தில் போகலாம், அந்த நேரத்தில் அது சுற்றியிருப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நான் பின்பக்கம் குப்புறப் படுத்து, கையுறை போட்ட கையைக் குழிக்குள் நீட்டி முட்டைகளை எண்ணினேன். வழவழவென்று, தொட்டால் லேசாக அமுங்கும். கடைசியில் மஞ்சள் கரு இல்லாத குட்டி முட்டைகளும் விழும், அவற்றைத் தனியாகக் கணக்கு வைக்கவேண்டும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ந்திருந்தால் ஆண் என்று பெரியவர் சொன்னது அதற்கப்புறம்தான், அதுவும் ஆமை கடலுக்குள் போன பிறகு.

அந்த மௌனம் முகாமில் எனக்கு உதவுகிறது. முதல் இரவு வீட்டு நினைப்பில் தூங்காத பிள்ளை ஒன்று எந்தக் கேபினிலும் இருக்கும். முன்பெல்லாம் கதை, வேடிக்கை, நாளைக்குப் படகு என்று அடுக்குவேன். இப்போது கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். பேசவேண்டும் என்றால் அந்தப் பிள்ளையே பேசும்.

இன்னொன்று. இதை எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்பதற்காக, வெளிநாட்டில் இரண்டு மூன்று வாரம் அநாதை இல்லத்தில் தொண்டு செய்யப் போகாதீர்கள். கவுன்சிலர்களுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். முகாமுக்கு வருகிற பிள்ளைக்கு ஆகஸ்ட்டில் திரும்பிப் போக வீடு இருக்கிறது. இல்லத்துப் பிள்ளை உங்களிடம் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். அங்கிருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். தொண்டர்களும் நன்கொடையும் வருகிறது என்பதற்காகவே வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருகிற இல்லங்களும் உண்டு. ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிராக 2018-ல் சட்டம் கொண்டுவந்தபோது இந்த விஷயமும் பேசப்பட்டது. கல்லைப் புரட்டுங்கள், ஆமையை எண்ணுங்கள். பிள்ளைகள் வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். பியர் செரெசோல் என்ற சுவிஸ் பொறியாளர் 1920-ல் தொண்டர் முகாம் தொடங்கியதையும், 1934 பீகார் பூகம்பத்துக்குப் பிறகு அங்கேயே வந்து கிராமங்களைக் கட்ட உதவியதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இன்னொரு நாள் பார்க்கலாம்.

விசா விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து அமெரிக்க முகாமுக்குப் போகிறவர்களுக்கு ஜே-1 விசா, அதிகபட்சம் நான்கு மாதம். முடிந்ததும் முப்பது நாள் ஊர் சுற்றலாம், வேலை செய்யக்கூடாது. சம்பளம் இல்லாமல் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் செய்கிற பண்ணை வேலையையும் பல நாடுகள் வேலை என்றே எடுத்துக்கொள்ளும், சுற்றுலா விசாவில் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக்குப் போக நினைப்பவர்கள் மே மாதம்வரை காத்திருக்காமல் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வணக்கம்.