கொசுத்தேனீயில் எத்தனை வகை?

வணக்கம், நேயர்களே. சுவர் விரிசலிலும் மரப்பொந்திலும் பிசினால் குழாய்போல் வாசல் கட்டிக்கொண்டு வாழும் கொசுத்தேனீயைப் பற்றிப் பேசப்போகிறேன். நம் ஊரில் இருப்பது ஒரே வகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணம் கூடு பிரிப்பதிலும் விற்பதிலும் தவறுகளில் கொண்டுபோய் விடுகிறது.

கொசுத்தேனீ கொடுக்கில்லாத் தேனீ வகையைச் சேர்ந்தது. உலகில் இவ்வகை இனங்கள் 500-க்கும் மேல் உள்ளன. பெரும்பங்கு மத்திய, தென் அமெரிக்காவில். மிச்சம் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியாவில். எல்லாம் மெலிபோனினி என்ற ஒரே பிரிவு. கொடுக்கு தேய்ந்து போயிருக்கும், சிறகில் நரம்புகள் குறைவு. இவை பொது அடையாளங்கள்.

நம் தேனீயை 1854-ல் இலங்கை மாதிரியிலிருந்து பூச்சியியலாளர் ஸ்மித் விவரித்தார். நெடுங்காலம் ட்ரைகோனா இரிடிபென்னிஸ் என்றே எழுதினோம். இப்போதும் பல பெட்டிகளில் அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. ட்ரைகோனா என்ற பேரினம் இன்று அமெரிக்கத் தேனீக்களுக்கு மட்டுமே உரியது. நம்முடையது டெட்ராகோனுலா, 1961-ல் தேனீ ஆய்வாளர் மௌரே வகுத்த பேரினப் பெயர். 2019-ல் கேரளத்திலிருந்து டெட்ராகோனுலா திருவாங்கூரிக்கா என்ற புது இனம் விவரிக்கப்பட்டது. இவை போக, மிகச் சிறிய லிசோட்ரைகோனாவும், முதுகின் விளிம்பில் செதில்போன்ற மயிர் கொண்ட லெபிடோட்ரைகோனாவும் இந்தியாவில் உண்டு.

இவை இவ்வளவு இடம் சார்ந்து பிரிந்திருப்பதற்குக் காரணம் கூடு பிரியும் விதம். அடுக்குத் தேனீயில் பழைய இராணி கூட்டத்தோடு பறந்து போய்விடும். கொசுத்தேனீயில் முட்டையிடும் இராணிக்கு வயிறு பருத்திருப்பதால் பறக்க முடியாது. கன்னி இராணிதான் போகிறது. அதற்கு முன்பே பணித்தேனீக்கள் தாய்க்கூட்டிலிருந்து மெழுகையும் பிசினையும் தேனையும் பல நாட்கள் சுமந்து புது இடத்தைத் தயார் செய்யும். ஆகவே மகள் கூடு தாய்க்கூட்டின் பறக்கும் தூரத்துக்குள்தான் அமையும். கடலையும் உயர்ந்த குளிர்மலையையும் இப்படித் தாண்டுவது கடினம். அதனால்தான் வெளி மாவட்டத்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து கலப்பதை நான் ஏற்கவில்லை. எந்த இனம் எங்கே இயற்கையாக இருந்தது என்ற தடயமே அழிந்துவிடும்.

நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். புதிதாக வெளிவந்த தேனீ வெளிறியிருக்கும், நாளாக நாளாகக் கறுக்கும். பணித்தேனீயை மட்டும் பார்த்தும் பல இனங்களைப் பிரிக்க முடியாது. ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். கூட்டு வாசலுக்கு முன்னால் ஆண்கள் திரளும் நாளில் பிடிப்பது எளிது. கைக்கண்ணாடியில் பார்த்தால் ஆணின் உணர்கொம்பில் 13 கணுக்கள், பணித்தேனீக்கு 12. ஆணின் பின்னங்காலில் மகரந்தக் கூடை இருக்காது.

இனம் கண்டறிய மாதிரியாகப் 10 பணித்தேனீயும், கிடைத்தால் சில ஆண்களும் போதும். 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஒரு நாள் கழித்து எத்தனாலை மாற்றுங்கள். உடலின் நீர் கலந்து அது நீர்த்துப்போயிருக்கும். ஃபார்மலின் வேண்டாம், அது மரபணுவைச் சிதைக்கும். ஊர், தேதி, எந்த மரம் அல்லது சுவர் என்பதைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும்.

பெட்டியைத் திறக்கும்போது புழு அறைகளையும் படமெடுங்கள். ஆஸ்திரேலியாவில் கார்போனேரியா, ஹாக்கிங்ஸி என்ற இரண்டு டெட்ராகோனுலாக்கள் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஒன்று புழு அறைகளைச் சுருள் அடுக்காகக் கட்டும், மற்றது தளர்ந்த படிகளாகக் கட்டும். தேனீயைக் குப்பியில் போட்டுக் கூட்டை மூடிவிட்டால் இந்த அடையாளம் கிடைக்காது.